முடித்த வேலையெல்லாம் எங்கே போகிறது? ஐ.டி போர்டுக்குள் மறைந்திருக்கும் ஒரு வருடக் கணக்கு!

மார்ச் மாதம் வந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காய்ச்சல். ஐ.டி கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, அம்மாக்களுக்கு அப்ரைசல் காய்ச்சல். ‘கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் செய்து முடித்தவை என்னென்ன?’ என்று கேட்கும் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பலருக்கும் கடைசி மூன்று வாரத்தில் செய்தது மட்டும்தான் நினைவுக்கு வரும். ஜூலையில் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து சரிசெய்த பிரச்னை, அக்டோபரில் சக ஊழியர் லீவில் போனபோது சேர்த்துச் சுமந்த வேலை எல்லாம் மறந்தே போயிருக்கும். நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, இன்க்ரிமென்ட் குறைந்துவிட்டது என்று பிறகு வீட்டில் புலம்புவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைகளில் பெரும்பாலானவை தேதி, நேரத்தோடு பதிவாகியே இருக்கின்றன. அதுவும் தினமும் காலையில் திறந்து பார்க்கும் அதே சாஃப்ட்வேரில்தான்! செய்ய வேண்டிய வேலையைப் பார்ப்பதற்காக அதைத் திறக்கும் பலர், முடித்த வேலையைப் பார்ப்பதற்காகத் திறப்பதில்லை. இதனால் கைநழுவுவது இன்க்ரிமென்ட் மட்டுமா? எட்டாத தேதிக்கு ஒப்புக்கொண்டு தொலைக்கும் சனி, ஞாயிறுகளும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஸ்பிரிண்ட், ஸ்டோரி, போர்டு... இதெல்லாம் என்ன?

வீட்டில் ஐ.டி ஆட்கள் இருந்தால், ‘ஸ்பிரிண்ட் முடியுது’, ‘ஸ்டோரி க்ளோஸ் பண்ணணும்’, ‘ஜிரா அப்டேட் பண்ணல’ என்ற வசனங்கள் காதில் விழுந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் வேர், ‘அஜைல்’ என்ற வேலைமுறை.

ஒரு சாஃப்ட்வேரை இரண்டு வருடம் கட்டி, கடைசி நாளில் வாடிக்கையாளரிடம் கொடுத்து, ‘நான் கேட்டது இது இல்லையே’ என்று அவர் கைவிரித்த கதைகள் ஒரு காலத்தில் ஏராளம். இதற்கு மாற்று தேடி 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 சாஃப்ட்வேர் வல்லுநர்கள் கூடினார்கள். அவர்கள் எழுதியதுதான் அஜைல் பிரகடனம். வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, அடிக்கடி முடித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதன் 12 கொள்கைகளில் ஒன்று, வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு ஓடுகிற சாஃப்ட்வேர்தான் முதன்மையான அளவுகோல் என்கிறது. எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதைவிட, எது முடிந்து கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் குடும்பத்தில் பிரபலமான முறை ‘ஸ்க்ரம்’. ஜெஃப் சதர்லேண்ட், கென் ஷ்வேபர் என்ற இருவர் 1995-ல் இதை முன்வைத்தார்கள். அதில் ஒரு மாதத்துக்கு மேற்படாத ஒரு காலத் துண்டுக்குப் பெயர்தான் ஸ்பிரிண்ட். பல கம்பெனிகளில் அது இரண்டு வாரம். ஒவ்வொரு வேலையும் ஒரு ‘ஸ்டோரி’. அதற்கு ஒரு கார்டு.

கார்டு வந்தது ஜப்பானிலிருந்து. டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் 1950-களில் கொண்டுவந்த ‘கான்பான்’ முறையில், எந்த உதிரிபாகம் எப்போது தேவை என்பதை ஓர் அட்டை சொல்லும். அந்த அட்டைதான் இன்று கம்ப்யூட்டர் திரைக்கு வந்திருக்கிறது. ‘செய்ய வேண்டியது’, ‘நடந்துகொண்டிருப்பது’, ‘முடிந்தது’ என்று மூன்று கட்டங்கள். கார்டு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே போகும். 2002-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் கொண்டுவந்த ஜிரா, 2011-ல் வந்த ட்ரெல்லோ, அசானா, தமிழ் மண்ணில் வளர்ந்த சோஹோவின் ‘ஸ்பிரிண்ட்ஸ்’ என எல்லாவற்றிலும் பார்க்கக் கிடைப்பது இந்தப் போர்டுதான்.

முடிந்ததும் ஏன் மறைகிறது?

கடைசிக் கட்டத்துக்குப் போன கார்டு அங்கேயே இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இருக்காது. அப்படியே விட்டால் நூற்றுக்கணக்கான பழைய கார்டுகள் குவிந்து, இன்றைய வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பந்தி முடிந்ததும் இலையை எடுத்தால்தானே அடுத்த பந்தி போட முடியும்?

ஜிராவில் ஸ்பிரிண்ட்டை மூடியதுமே, முடிந்த கார்டுகள் போர்டிலிருந்து அகன்றுவிடும். கான்பான் போர்டாக இருந்தால், முடிந்து இரண்டு வாரம் ஆனவற்றை மறைத்துவிடுவது வழக்கமான அமைப்பு. ட்ரெல்லோவில் கார்டை ‘ஆர்க்கைவ்’ செய்தால் கண்ணிலிருந்து மறையும். அசானாவின் ‘மை டாஸ்க்ஸ்’ பக்கம் வழக்கமாக முடியாத வேலைகளை மட்டுமே காட்டும். ஒரு வேலையை முடித்ததும் சில நேரம் திரையில் ஒரு யூனிகார்ன் குதிரை பறந்து கைதட்டிவிட்டுப் போகும். அவ்வளவுதான், அந்த வேலை பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

மறைந்தவை எவையும் அழிந்துவிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எங்கே பார்க்கலாம்?

கம்பெனிக்குக் கம்பெனி அமைப்பு கொஞ்சம் மாறலாம். ஆனால், வழிகள் பொதுவானவை.

• ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்: ஜிராவின் ‘ரிப்போர்ட்ஸ்’ பகுதியில் இருக்கும். அந்தந்த ஸ்பிரிண்ட்டில் முடிந்தவை, முடியாதவை, நடுவில் எடுத்துவிட்டவை எல்லாம் தனித்தனியாக வரும். ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு நடுவில் வந்து சேர்ந்த வேலைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ‘திட்டமிட்டதை ஏன் முடிக்கவில்லை?’ என்ற கேள்வி வரும்போது, அந்த நட்சத்திரங்களே பதில் சொல்லும்.

• ஃபில்டர்: ‘எனக்கு ஒதுக்கப்பட்டது, முடிந்தது, ஏப்ரல் 1-க்குப் பிறகு’ என்று மூன்று நிபந்தனை கொடுத்துத் தேடினால், வருடம் முழுக்க முடித்த வேலைகள் ஒரே பட்டியலாக வந்துவிடும். அந்தத் தேடலைச் சேமித்தும் வைக்கலாம்.

• ஆர்க்கைவ்: ட்ரெல்லோ போர்டின் மெனுவில் ‘ஆர்க்கைவ்டு ஐட்டம்ஸ்’ என்று இருக்கும். தேவையென்றால் கார்டைத் திரும்பப் போர்டுக்கே அனுப்பலாம். ‘டெலீட்’ செய்த கார்டு மட்டும் திரும்பி வராது. எனவே முடிந்த கார்டை ஒருபோதும் டெலீட் செய்ய வேண்டாம்.

ஜிராவில் ஒரு சின்னப் பொறியும் உண்டு. கார்டு கடைசிக் கட்டத்துக்குப் போனாலும், ‘ரெசல்யூஷன்’ என்ற தகவல் நிரப்பப்படாமல் இருந்தால், சில தேடல்களில் அது முடியாத வேலையாகவே தெரியும். முடித்தது நிறைய இருந்தும் பட்டியலில் குறைவாக வருகிறதே என்று குழம்புபவர்கள், முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஆசையா... அனுபவமா?

முடித்த வேலையைப் பார்ப்பதில் கிடைக்கும் மிகப்பெரிய லாபம், தேதி சொல்லும்போதுதான் தெரியும்.

‘எப்ப முடியும்?’ என்று வாடிக்கையாளர் கேட்டதும், பத்து வாரத்தில் முடித்துவிடலாம் என்று மனம் சொல்லும். அது ஆசை. பழைய ஸ்பிரிண்ட்டுகள் சொல்வது அனுபவம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் அதன் கடினத்தைப் பொறுத்து 1, 2, 3, 5, 8 என்று ‘பாயின்ட்’ கொடுப்பது வழக்கம். ஒரு டீம் கடைசி ஆறு ஸ்பிரிண்ட்டுகளில் முடித்தது 22, 17, 25, 19, 21, 16 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120. சராசரி 20. இதற்குப் பெயர் ‘வெலாசிட்டி’. இன்னும் மிச்சம் இருப்பது 140 பாயின்ட் என்றால் ஏழு ஸ்பிரிண்ட். அதாவது, 14 வாரம். மிகக் குறைவாக 16 பாயின்ட்தான் ஒவ்வொரு முறையும் முடிகிறது என்றால் ஒன்பது ஸ்பிரிண்ட், 18 வாரம். ஆக, ‘14 முதல் 18 வாரம்’ என்பதே நேர்மையான பதில்.

பத்து வாரத்தில் வேண்டும் என்று மேலிடம் நெருக்கினால்? பத்து வாரம் என்றால் ஐந்து ஸ்பிரிண்ட். ஒவ்வொன்றிலும் 28 பாயின்ட் முடிக்க வேண்டும். இந்த டீம் ஒருமுறைகூட 28-ஐத் தொட்டதில்லை. இந்த ஒரு வரியை, ரிப்போர்ட்டைத் திறந்து காட்டிச் சொல்ல முடிந்தால், பேச்சு ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்பதிலிருந்து ‘எதைக் குறைக்கலாம்’ என்பதற்கு மாறும். காட்ட முடியாவிட்டால், அந்த எட்டு பாயின்ட் வித்தியாசத்தை வீட்டிலிருக்கும் குழந்தைகள்தான் ஈடுகட்டுவார்கள், அப்பாவோ அம்மாவோ இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளால்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்று ஸ்பிரிண்ட்டில் 60 பாயின்ட் முடித்தாயிற்று. 140-ல் 60 போனால் மிச்சம் 80 இருக்க வேண்டும். பார்த்தால் 110 என்று காட்டுகிறது! டீம் தூங்கிவிட்டதா? இல்லை, நடுவில் 30 பாயின்ட்டுக்குப் புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. மிச்சத்தை மட்டும் காட்டும் ‘பர்ன்-டவுன்’ வரைபடத்தின் கோட்டில் இந்த உண்மை சுலபமாகப் புதைந்துவிடும். முடித்ததை ஒரு கோடாகவும், மொத்த வேலையை இன்னொரு கோடாகவும் காட்டும் ‘பர்ன்-அப்’ வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். உழைப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது, மொத்த வேலையும் கூடவே ஏறியிருக்கிறது என்று.

வேலை செய்தது மூன்று நாள்... காத்திருந்தது ஒன்பது நாள்!

முடிந்த ஒரு கார்டைத் திறந்து அதன் ‘ஹிஸ்டரி’ பகுதியைப் பாருங்கள். எந்தத் தேதியில் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தது என்று முழு ஜாதகமும் இருக்கும்.

உதாரணமாக, ஒரு வேலை தொடங்கி முடிய 12 நாள் ஆகியிருக்கிறது. கோடு எழுதியது 2 நாள். அதை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்வதற்குக் காத்திருந்தது 3 நாள். டெஸ்டிங் டீமின் வரிசையில் காத்திருந்தது 6 நாள். டெஸ்டிங் நடந்தது 1 நாள். கூட்டிப் பார்த்தால், 12 நாளில் வேலை நடந்தது 3 நாள்தான். மிச்சம் 9 நாளும் காத்திருப்பு.

ரேஷன் கடையில் பொருள் வாங்க ஐந்து நிமிடம், வரிசையில் ஒரு மணி நேரம் என்பது போலத்தான். இங்கே வேகமாக டைப் செய்யச் சொல்லி யாரையும் விரட்டிப் பயனில்லை. வரிசையைக் குறைக்க வேண்டும். இப்படிப் பத்து, இருபது முடிந்த கார்டுகளைப் பார்த்தால் டீமின் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். ஜிராவின் ‘கன்ட்ரோல் சார்ட்’, ‘கியூமுலேட்டிவ் ஃப்ளோ’ வரைபடங்கள் இதையே மொத்தமாகக் காட்டுகின்றன. நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பார்த்தால் இது புரியாது. முடிந்த வேலையில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

‘முடிஞ்சுது... டெஸ்டிங் மட்டும் பாக்கி’

வீடு கட்டுபவர்களுக்கு இந்த வசனம் நன்றாகப் பழக்கம். ‘வீடு முடிஞ்சுது சார், கரன்ட் கனெக்‌ஷன் மட்டும் பாக்கி’ என்பார் மேஸ்திரி. கரன்ட் இல்லாத வீட்டில் குடிபோக முடியுமா?

சாஃப்ட்வேரிலும் இதே சிக்கல். எழுதியவருக்கு முடிந்துவிட்டது. டெஸ்ட் செய்பவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை. வாடிக்கையாளர் கைக்கு எதுவும் வரவில்லை. மூவரும் ‘முடிந்தது’ என்ற ஒரே சொல்லை மூன்று அர்த்தத்தில் சொல்கிறார்கள். இதற்காகவே, எதெல்லாம் நிறைவேறினால் ஒரு வேலை முடிந்ததாகக் கருதப்படும் என்று டீம் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறது. ஸ்க்ரம் இதை ‘டெஃபினிஷன் ஆஃப் டன்’ என்கிறது. ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020-ம் ஆண்டுப் பதிப்பு இதில் கறாராக இருக்கிறது. அந்த நிபந்தனைகளை நிறைவு செய்யாத வேலையை வெளியிடக் கூடாது, ஸ்பிரிண்ட் கடைசியில் நடக்கும் ரிவியூ கூட்டத்தில் காட்டவும் கூடாது. திரும்பப் பட்டியலுக்கே போக வேண்டும்.

90 சதவிகிதம் முடிந்த வேலைக்கு 90 சதவிகித மதிப்பெண் கிடையாது. பூஜ்யம்தான். கடுமையாகத் தோன்றினாலும், ‘முடிந்தது’ பட்டியலை நம்ப வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அரைகுறை வேலைகள் அதில் சேர்ந்துவிட்டால், மேலே பார்த்த 14 வாரக் கணக்கும் பொய்யாகிவிடும்.

சாட்டையாக மாறினால் ஆபத்து

இவ்வளவு நல்ல கணக்கு கையில் இருந்தால், அதை வைத்து ஆட்களை அளக்கும் ஆசையும் வரும். ‘அவர் 30 பாயின்ட் முடித்தார், நீங்கள் ஏன் 18?’ என்று ஒருமுறை கேட்டால் போதும். அடுத்த ஸ்பிரிண்ட்டிலிருந்து 3 பாயின்ட் வேலைக்கு 5 என்று போட்டுக்கொள்வார்கள். வரைபடம் ஏறும், வேலை அதே அளவில்தான் இருக்கும். ஓர் அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்ற இந்தச் சிந்தனைக்கு, பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பெயரால் ‘குட்ஹார்ட் விதி’ என்றே பெயர் உண்டு.

ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டை, தான் கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாகவும் 2019-ல் எழுதினார். டீம்களை ஒப்பிடவும், நெருக்கவும் அது பயன்படுவதே அவருடைய வருத்தத்துக்குக் காரணம்.

கார்டே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது, கோபமாக இருந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியது, அடுத்தவர் எழுதிய கோடில் இருந்த பெரிய பிழையை முன்கூட்டியே பிடித்தது. இவற்றுக்கு எந்தப் போர்டிலும் இடமில்லை. வீட்டுவேலை எந்தக் கணக்கிலும் வராதது போலத்தான் இதுவும். இப்படிப்பட்ட வேலைக்கும் ஒரு கார்டு போட்டுவைப்பதில் தவறில்லை. பெருமைக்காக வேண்டாம், நேரம் எங்கே போனது என்ற கணக்குக்காக!

மனசுக்கும் ஒரு டானிக்

வேலை செய்பவருக்கு உற்சாகம் எதிலிருந்து கிடைக்கிறது? ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் தெரசா அமாபிலி, ஆய்வாளர் ஸ்டீவன் கிராமருடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். 7 கம்பெனிகளைச் சேர்ந்த 238 பேர் வேலை நாள்களில் எழுதிய குறிப்புகள், ஏறக்குறைய 12,000. அவற்றை அலசியதில் கிடைத்த முடிவு, 2011-ல் புத்தகமாக வந்தது. அர்த்தமுள்ள வேலையில் ஓர் அடி முன்னேறினோம் என்ற உணர்வுதான் நல்ல நாள்களின் முதல் காரணம். அது சின்ன அடியாக இருந்தாலும் போதும்.

இதே கேள்வியை 669 மேனேஜர்களிடம் கேட்டபோது, முன்னேற்றத்துக்கு முதலிடம் கொடுத்தவர்கள் 35 பேர்தான். ஊழியர்களுக்கு எது முக்கியமோ, அதுதான் மேலே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

பட்டியலில் முடியாத வேலை மட்டுமே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால், எவ்வளவு செய்தாலும் ஒன்றுமே செய்யாத உணர்வுதான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் முடிந்தவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடுங்கள். வீட்டுக்கு வரும் முகம் கொஞ்சம் வேறாக இருக்கும்.

இன்றே செய்யக் கூடியவை

• மாதக் கடைசியில் ‘எனக்கு ஒதுக்கப்பட்டு முடிந்தவை’ ஃபில்டரைத் திறந்து, முக்கியமான ஐந்தைச் சொந்த வார்த்தையில் குறித்துவையுங்கள். ‘பிழையைச் சரிசெய்தேன்’ என்று மட்டும் எழுதாமல், அதனால் யாருக்கு என்ன நன்மை என்று ஒரு வரி சேருங்கள். மார்ச்சில் 60 வரி தயாராக இருக்கும்.

• வாடிக்கையாளர் விவரம், கோடு, கம்பெனியின் ரகசியம் எதையும் சொந்த போனிலோ மெயிலிலோ நகல் எடுக்காதீர்கள். அது வேலைக்கே வேட்டு வைக்கும்.

• சாஃப்ட்வேரிலேயே எல்லாம் காலத்துக்கும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அஜைல் டீம்கள் பல வருடம் விரும்பிப் பயன்படுத்திய ‘பிவோட்டல் டிராக்கர்’, 2025 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. முடிந்த வேலைகளுக்கென்றே தனிப் பகுதி வைத்திருந்த சாஃப்ட்வேர் அது! வேலை மாறினாலும் பழைய போர்டுக்குள் நுழையும் வழி அன்றே அடைபட்டுவிடும்.

• டீம் லீடராக இருந்தால், அடுத்த திட்டமிடல் கூட்டத்தைப் புதுப் பட்டியலோடு தொடங்காமல், சென்ற ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டோடு தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் முடித்தவர்களுக்கு நன்றி சொல்ல, அடுத்த ஐந்து நிமிடம் எங்கே தேங்கியது என்று பார்க்க.

ஐ.டி-யில் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். போனில் இருக்கும் கூகுள் டாஸ்க்ஸில் முடித்த வேலைகள், பட்டியலின் அடியில் ‘கம்ப்ளீட்டட்’ என்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் டு டூவிலும் அப்படித்தான். கேஸ் புக் செய்தது, மாமியாருக்கு மாத்திரை வாங்கியது, பள்ளிக் கட்டணம் கட்டியது, இன்ஷூரன்ஸைப் புதுப்பித்தது... அந்தச் சின்ன அம்புக்குறியைத் தொட்டால் எல்லாம் வரிசையாக விரியும். ‘நாள் பூரா வீட்டுல என்னதான் செஞ்சே?’ என்று யாராவது கேட்டால், பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். போனை நீட்டினால் போதும்!